தலைமையகம் அனுப்பும் அறிவுத் தளம் மணலி ஷிப்ட் அறையில் வேலை செய்ய

ஜெர்மனியிலோ ஜப்பானிலோ தலைமையகம் உள்ள நிறுவனம் உலகெங்கும் ஒரே அறிவு மேலாண்மைத் தளம் (ஊழியர்களின் அனுபவத்தை எழுதிச் சேர்த்து, தேடிப் படிக்கும் இணையத் தளம்) என்று முடிவெடுத்தால், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆலைக்கு அது மூன்று உருவில் வந்து சேரும்: ஒரு லாகின், ஆங்கிலத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சி, ஒவ்வொரு துறையும் மாதம் ஐந்து பக்கம் ஏற்ற வேண்டும் என்ற மெயில். கொஞ்ச நாளில் தளத்தில் கோப்புகள் குவிந்துவிடும். ஆனால் இரவு ஷிப்டான சி ஷிப்டில் பம்ப் நின்றால் ஆபரேட்டர் அந்தத் தளத்தைத் திறக்க மாட்டார். தூங்கிக்கொண்டிருக்கும் பழைய சார்ஜ்மேனுக்குத்தான் (ஷிப்ட் மேற்பார்வையாளர்) போன் போடுவார்.

அந்த போனில் கிடைக்கும் பதிலை, கேட்டவருடைய வார்த்தையிலேயே, கேட்ட இடத்திலேயே கிடைக்கச் செய்வதுதான் வேலை. மென்பொருள் எதுவானாலும் வேலை இதுதான். ஷேர்பாயின்டா, கன்ஃப்ளூயன்ஸா, மீடியாவிக்கியா என்பதைப் பெரும்பாலும் தலைமையகமே முடிவு செய்திருக்கும். அதில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆலைத் தரப்பில் பொறுப்பேற்பவர் கையில் இருப்பது வேறு: எதை எழுதுவது, யார் சரிபார்ப்பது, எந்த மொழியில், எங்கே படிப்பது.

முதல் இரண்டு வாரம் தளத்தைத் திறக்காதீர்கள்

கண்ட்ரோல் ரூமில் ஒரு நோட்டு வையுங்கள். ஐந்தே பத்தி: நேரம், கேட்டவர், யாரிடம் கேட்டார், என்ன கேட்டார், பதில் கிடைக்க எவ்வளவு நேரம். பதினான்கு நாள், மூன்று ஷிப்டும். காலை 6, மதியம் 2, இரவு 10 மணி ஹேண்டிங் ஓவரில் ஒருவர் போய் நின்று, இந்த எட்டு மணி நேரத்தில் யாருக்கு எதற்கு போன் போட்டீர்கள் என்று கேட்டு எழுதினால் போதும். ஆபரேட்டர்களையே எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் நோட்டு காலியாகத்தான் இருக்கும்.

கூடவே இரண்டு இடங்களைத் தோண்டுங்கள். ஒன்று, கடந்த ஓராண்டு பிரேக்டவுன் லாக் புக். இன்னொன்று, மெயின்டனன்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கடைசி மூன்று மாதம். குரூப்பில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டே படியுங்கள். மறைவில் படித்ததாகத் தெரிந்தால் அதோடு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்வி வேறு வேறு வார்த்தையில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவற்றிலிருந்து முப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஒரு ஒருங்கிணைப்பாளர் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் வாரத்துக்கு ஐந்து பக்கம் எழுதிச் சரிபார்க்க முடியும். முப்பது பக்கம் ஆறு வாரத்தில் முடியும். மூன்று மாதத்துக்குள் ஷிப்ட் ஆட்கள் கையில் ஏதாவது பயன்படும் பொருள் வந்து சேராவிட்டால், இதுவும் தலைமையகத்தின் இன்னொரு திட்டம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அந்த முத்திரையை அழிப்பது மிகக் கடினம்.

யாரிடம் கேட்டார் என்ற பத்தியில் அடிக்கடி வரும் பெயர்களைத் தனியே எழுதுங்கள். அதில் இரண்டு ஆண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் போகும் கேள்விகளே முதல் வரிசை.

மார்ச் கணக்கு முடிப்பிலும் வருடாந்திர ஷட்டவுனிலும் தொடங்காதீர்கள். ஒருங்கிணைப்பாளரின் இரண்டு மணி நேரம் அவருடைய வேலை விவரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தையாகக் கொடுத்த நேரம் முதல் பிரேக்டவுனிலேயே பறிபோகும்.

ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

மொபைலில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும் நீளம். தலைப்பு, தவறு நடக்கும்போது ஆபரேட்டர் என்ன சொல்வாரோ அதுவே. ‘மையவிலக்கு விசைக்குழாய்ச் செயல்திறன் குறைபாடுகள்’ என்று தலைப்பிட்டால் யாரும் தேடப் போவதில்லை. ஒரு மாதிரி:

தலைப்பு: கூலிங் வாட்டர் பம்ப் ஓடுது, பிரஷர் ஏறல.
எங்கே: எந்த யூனிட், எந்த பம்ப், டேக் எண் (எந்திரத்தின் அடையாள எண்).
முதலில் பார்க்க: சம்ப் லெவல் குறைந்திருக்கிறதா, கேசிங் வென்ட்டைத் திறந்தால் காற்று வருகிறதா, சக்ஷன் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறதா. மழைக்குப் பிறகு டவர் பேசினில் விழும் இலை, குப்பை நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் வரும்.
மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு வந்த பிரச்சினையா: மின்சார பேஸ் வயர்கள் இடம் மாறி, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றலாம். தண்ணீர் வரும், பிரஷர் வராது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுற்றும் திசையைச் சரிபார்க்கச் சொல்லவும்.
செய்யக் கூடாது: நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது, வைண்டிங் சூடேறும். பெர்மிட்டும் (வேலை அனுமதிச் சீட்டு) லாக்அவுட்டும் (மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது) இல்லாமல் ஸ்ட்ரெய்னர் மூடியைத் திறக்கக் கூடாது.
எங்கே பொருந்தாது: செங்குத்து பம்ப்புகளுக்கு இந்த வரிசை சரிவராது.
சொன்னவர், சரிபார்த்தவர், அடுத்து பார்க்க வேண்டிய தேதி.

கடைசி இரண்டு வரியையும் விட்டுவிடாதீர்கள். எங்கே பொருந்தாது என்ற வரி இல்லாத பக்கத்தை நம்பி, வேறு வகை பம்ப்பில் அதே வரிசையைச் செய்து பார்ப்பார்கள். பொறுப்பாளர் பெயரும் தேதியும் இல்லாத பக்கம் இரண்டு ஆண்டில் தவறான பக்கமாகிவிடும். அது தவறு என்று யாருக்கும் தெரியாது. பொறுப்பாளர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும். ‘மெயின்டனன்ஸ் துறை’ என்று போட்டால் யாரும் பொறுப்பில்லை என்றே பொருள். பாதுகாப்பு சார்ந்த பக்கத்துக்கு ஆறு மாதம், மற்றதற்கு ஓராண்டு என்று கெடு வைத்து, கெடு தாண்டினால் பக்கத்தின் தலையிலேயே ‘சரிபார்க்கவில்லை’ என்று தானாகத் தோன்றும்படி தளத்தில் அமைத்துவிடுங்கள்.

கண்டெய்னர் யார்டுகளுக்கும் இதே வடிவம் பொருந்தும். ரீஃபர் (குளிரூட்டும்) கண்டெய்னரில் அலாரம் வந்தால் எந்த அலாரம் கோடு எண்ணுக்கு யாருக்குச் சொல்ல வேண்டும், செட் டெம்பரேச்சரைத் தொடலாமா கூடாதா என்பது எடுத்துக்காட்டு.

பேச வைத்து எழுதுவது

முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்தவரிடம் ‘உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க’ என்று படிவம் நீட்டினால் நான்கு பொது வரிதான் வரும். அது அவர் குறையல்ல. தத்துவ அறிஞர் மைக்கேல் போலன்யி பேசிய உள்ளுறை அறிவு இதுதான்: காதில் விழும் சத்தத்திலும் கையில் படும் அதிர்விலும் இருக்கும் அறிவு, காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தால் வெளியே வராது. எந்திரத்தின் பக்கத்தில் நின்றால் வரும்.

எனவே மீட்டிங் ரூம் வேண்டாம். சத்தம் குறைந்த நேரத்தில், எந்திரத்தின் அருகில், நாற்பது நிமிடம். இரண்டு பேர் போங்கள்; ஒருவர், அந்தப் பக்கத்தை நாளை படிக்கப்போகும் இளம் ஆபரேட்டராக இருக்கட்டும். கேள்வி கேட்பவர் அவரே. மேனேஜர் கேட்டால் மேனுவலில் உள்ளது வரும். பையன் கேட்டால் உண்மையில் செய்வது வரும். கேள்விகள் குறிப்பான சம்பவத்தைப் பற்றியே இருக்க வேண்டும்:

“அண்ணே, கடைசியா இது எப்போ ஆச்சு? முதல்ல எதைப் பாத்தீங்க?”
“ஏன் அதை முதல்ல பாத்தீங்க?”
“புதுசா வர்ற பையன் இங்க என்ன தப்பு பண்ணுவான்?”
“எப்பல்லாம் இது ஒத்து வராது?”

மூன்றாவது கேள்விதான் அதிகம் தரும். அதற்குச் சொல்லும் பதிலிலிருந்தே செய்யக் கூடாது என்ற வரி பிறக்கும்.

அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கும் கருவியில் போடலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்த தொழிற்சாலைப் பேச்சில் அந்தக் கருவிகள் எண்களையும் டேக் பெயர்களையும் தவறாகப் பிடிக்கும். ‘பதினஞ்சு’ ‘அம்பது’ ஆகும் இடத்தில் ஒரு போல்ட் உடையும். ஒவ்வொரு எண்ணையும் மேனுவலோடும் சொன்னவரோடும் ஒத்துப் பாருங்கள். முடித்ததும் பக்கத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்கும்போது ‘அப்படி இல்லப்பா’ என்று அவர் திருத்துவது, எழுத்தில் கொடுத்தால் திருத்துவதைவிட அதிகம்.

பக்கத்தில் அவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும். பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுக்காதீர்கள். ஒரு பக்கத்தை நாலாக வெட்டி ஏற்றுவது அன்றே தொடங்கும். 1990களில் ஜெராக்ஸ் நிறுவனம் பிரான்சில் தொடங்கிய யுரேகா அமைப்பில், காப்பியர் பழுது பார்ப்பவர்கள் எழுதிய குறிப்புகளை அவர்களுடைய சக ஊழியர்களே சரிபார்த்து, எழுதியவர் பெயரோடு வெளியிட்டார்கள். அது நிலைத்ததற்கு அந்தப் பெயர் பெரிய காரணம். ஆனால் முன்கூட்டியே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: எழுதிக் கொடுத்தால் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், குறிப்பாகக் காண்ட்ராக்ட் ஆட்களிடம் இருக்கும். அது நியாயமான பயம். தொழிற்சங்கத்தோடு பேசி, எழுதிய பக்கத்தை ஆட்குறைப்புக்கோ தண்டனைக்கோ பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அப்படி உறுதி கொடுக்க நிர்வாகம் தயாராக இல்லையென்றால் பக்கங்கள் வெறுமையாகத்தான் இருக்கும்.

தமிழில் தேடல் ஏன் தோற்கிறது

இதைத் தலைமையக ஐடி குழு கவனித்திருக்காது. நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

தமிழில் சொல்லோடு வேற்றுமை ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் ‘பம்ப்’ என்று இருக்கும், தேடுபவர் ‘பம்ப்பில்’ என்று தட்டுவார். பல தேடல் பொறிகள் இரண்டையும் வேறு சொல்லாக நினைக்கும். ‘பம்பு’, ‘பம்ப்’ என்ற எழுத்து வேறுபாடும் உண்டு. பெரும்பாலானோர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள், அதிலும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். இதற்கு இரண்டு வழி. தேடல் பொறியில் சொல்லைச் சிறு துண்டுகளாக வெட்டித் தேடும் அமைப்பைப் போடச் சொல்லலாம். அது முடியாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு வரி வைத்து, எல்லா வடிவத்தையும் கையால் எழுதுங்கள். இரண்டாவது வழி அழகில்லை. ஆனால் நாளைக்கே செய்யலாம்.

யூனிகோடில் இன்னொரு சிக்கல். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பக்கத்தையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவுக்கு மாற்றும் இயல்பாக்கம் இயக்கத்தில் இருக்கிறதா என்று ஐடி குழுவிடம் கேளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நடைமுறைக் கோப்புகளோ தேடலில் வரவே வராது. மாற்றியில் போட்டு, கண்ணால் படித்துச் சரிசெய்த பிறகே ஏற்றுங்கள்.

சோதனை எளிது. நோட்டில் எழுதிய கேள்விகளில் நாற்பதை எடுத்து, ஐந்து ஆபரேட்டர்களிடம் கொடுத்து, அவர்கள் வழக்கப்படி தட்டச் சொல்லுங்கள். சரியான பக்கம் முதல் மூன்று முடிவுக்குள் வருகிறதா என்று எண்ணுங்கள். வராத ஒவ்வொன்றையும் வேறு பெயர்கள் வரியில் சேர்த்து மறுபடி சோதியுங்கள்.

அனுபவக் குறிப்பும் அங்கீகரித்த நடைமுறையும்

இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால் எஸ்ஓபி-க்கு (அங்கீகரித்த செயல்முறை ஆவணம்) நிழலாக இன்னொரு எஸ்ஓபி வளர்ந்துவிடும், விபத்து நடந்த பிறகுதான் அது தெரியவரும். நிறத்தால் பிரியுங்கள்: அனுபவக் குறிப்புக்கு மஞ்சள் பட்டை, அங்கீகரித்த நடைமுறைக்குப் பச்சை. மஞ்சள் பக்கம் எங்கே பார்ப்பது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதோடு நிற்க வேண்டும். செட் பாயின்ட், இன்டர்லாக் (ஆபத்தில் எந்திரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு) பைபாஸ், ரசாயன அளவு, ஐசொலேஷன் (எந்திரத்தைத் தனிமைப்படுத்தும்) வரிசை ஆகியவை பச்சையில் மட்டுமே இருக்கலாம். அதில் மாற்றம் என்றால் ஆலையின் மாற்ற மேலாண்மை நடைமுறை வழியாகத்தான் போக வேண்டும். ‘இன்டர்லாக்கை இப்படித் தாண்டலாம்’ என்று யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அதை அழித்துவிட்டுப் போகாதீர்கள். ஏன் தாண்ட வேண்டியிருந்தது என்று பிராசஸ் சேஃப்டி குழு கேட்கட்டும். அந்தக் குறிப்பு ஒரு கருவிப் பழுதின் தடயம்.

எதில் படிப்பார்கள்

எரியும் வாயு இருக்கக்கூடிய பகுதிக்குள் சாதாரண மொபைல் கொண்டுபோகக் கூடாது. அப்படியிருக்க, பம்ப் மேல் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுவது பயனற்றது மட்டுமல்ல, விதியை மீறத் தூண்டுவதும்கூட. அங்கே தீப்பொறி எழாத வகையில் சான்று பெற்ற டேப்லெட் தேவை, விலை அதிகம். அது இல்லாவிட்டால் கண்ட்ரோல் ரூம், பெர்மிட் ஆபீஸ், மெயின்டனன்ஸ் ஷெட் ஆகிய மூன்று இடத்திலும் ஆளுக்கு லாகின் கேட்காத ஒரு திரை வையுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி மெயில் இருக்காது, மெயில் இல்லாமல் தளத்துக்குள் நுழைய முடியாது. வேலையில் பாதியைச் செய்கிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு அறிவுப் பகிர்வு என்று பேசுவதில் பொருளில்லை. படிக்க மட்டும் அனுமதி உள்ள பொதுக் கணக்குக்கு லைசென்ஸ் விதி இடம் தருமா என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேளுங்கள்.

ஆயுத பூஜைக்கு எந்திரங்களைத் துடைத்து வைக்கும் நாள், நேம் பிளேட்டுகளைப் படமெடுக்க ஆண்டிலேயே நல்ல நாள். சந்தனம் குங்குமம் வைக்கும் முன்பே போய் எடுத்துவிடுங்கள்.

தலைமையகத்தோடு பேச வேண்டியவை

உலகப் பொது நடைமுறை இங்கே அப்படியே பொருந்தாத இடங்களைத் தனிப் புலமாகப் பதிய அனுமதி கேளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு போதும். கொடுங்கையூரில் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) வரை சுத்திகரித்து, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனில் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்க 2019 முதல் ஒரு நிலையம் இருக்கிறது. சவ்வு வழி வந்த நீரில் கடினத்தன்மை குறைவு. கடின நீர் ஓடும் ஐரோப்பிய ஆலையின் கூலிங் டவர் பக்கம் சுண்ணாம்புப் படிவைப் பற்றியே எச்சரிக்கும்; இந்த நீரை வாங்கும் ஆலையில் முதலில் கண்காணிக்க வேண்டியது அரிப்பு. எண்ணூர்க் கடற்காற்றில் பேனல் டெர்மினல் பச்சை பூப்பதும் அப்படித்தான். இப்படிப்பட்ட உள்ளூர்க் குறிப்பு உலகப் பக்கத்தின் கீழேயே தெரிய வேண்டும். வேறு ஃபோல்டரில் போட்டால் இணையாக இரண்டு உண்மை ஓடும்.

சட்டம் சார்ந்தவை மூன்று. ஜெர்மனியில், ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்க வல்ல தொழில்நுட்பத்தைப் புகுத்த ஊழியர் மன்றத்தின் இசைவு வேண்டும்; யார் எத்தனை பக்கம் எழுதினார் என்று காட்டும் அறிக்கை அதில் சிக்கும், அதனால் உலகத் தொடக்கமே தள்ளிப்போகலாம். உங்கள் கால அட்டவணையை அதனோடு கட்டாதீர்கள். இரண்டாவது, பக்கங்களில் உள்ள பெயர், படம், குரல் எல்லாம் தனிநபர் தரவு. ஐரோப்பிய விதியும் 2023-இல் இந்தியா இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கணக்கில் வரும். மூன்றாவது, அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ள வரைபடத்தை இங்கே ஒருவர் திரையில் திறப்பதே ஏற்றுமதியாகக் கொள்ளப்படலாம். வரைபடத்தைப் பக்கத்தில் ஒட்டாமல் சுட்டி மட்டும் கொடுங்கள். அனுமதி உள்ளவருக்கு மட்டும் அது திறக்கட்டும்.

தலைமையகம் இசைவு தரத் தயங்கினால் தரநிலைகளைக் காட்டுங்கள். ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பில் 7.1.6 உட்பிரிவு நிறுவன அறிவைப் பற்றியது. தரச் சான்று வைத்திருக்கும் ஆலை அதற்கு ஏற்கெனவே கட்டுப்பட்டது. அறிவு மேலாண்மை அமைப்புக்கென்றே ஐஎஸ்ஓ 30401 என்ற தரநிலை 2018-இல் வந்தது.

மாதாந்திரக் கூட்டத்தை ஜெர்மானியர்கள் காலை 9 மணிக்கு வைத்தால் குளிர்காலத்தில் இங்கே மதியம் 1.30, சரியாக ஷிப்ட் மாறும் நேரத்தில் விழும். நம் நேரப்படி மதியம் 3 மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சூப்பர்வைசர் ஒருவர்கூட வர மாட்டார்.

எதை எண்ணுவது

ஏற்றிய பக்கங்களை எண்ணாதீர்கள். வாரம் ஒருமுறை தேடல் பதிவிலிருந்து, முடிவே கிடைக்காத தேடல்களின் பட்டியலை எடுங்கள். அடுத்த வாரம் எழுத வேண்டிய பக்கங்கள் அதில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டை மறுபடியும் பதினான்கு நாள் வைத்து, இரவு போன்கள் குறைந்தனவா என்று ஒப்பிடுங்கள். அதே கேள்விக்கு இன்னும் போன் போகிறது என்றால் பக்கம் கிடைக்கவில்லை, அல்லது புரியவில்லை, அல்லது நம்பவில்லை. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

பழைய ஷேர்டு டிரைவை அப்படியே புதுத் தளத்தில் கொட்டாதீர்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் யாராவது திறந்த கோப்பு, சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கோப்பு, இந்த இரண்டு மட்டும் வரட்டும். மற்றது படிக்க மட்டும் திறக்கும் கிடங்கில் இருக்கட்டும். தளத்தோடு ஏஐ உரையாடல் உதவியாளர் வருவதானால் இது இன்னும் முக்கியம். பம்ப் மாற்றுவதற்கு முந்தைய எஸ்ஓபி-யும் பிந்தையதும் அது தேடும் குறியீட்டில் (இன்டெக்ஸ்) இருந்தால், அது இரண்டிலிருந்தும் எண்களை எடுத்துக் கலந்து, தயக்கமே இல்லாத நடையில் பதில் சொல்லும். விலக்கிய பதிப்புகளைக் குறியீட்டிலிருந்து நீக்குங்கள். ஒவ்வொரு பதிலோடும் மூலப் பக்கமும் அதன் தேதியும் தெரிய வேண்டும். மூலம் இல்லாவிட்டால் ‘தெரியவில்லை, இவரைக் கேளுங்கள்’ என்று பொறுப்பாளர் பெயரைக் காட்ட வேண்டும். தேடலுக்குப் பயன்படுத்திய அதே நாற்பது கேள்வியால் இதையும் சோதியுங்கள்.

அக்டோபருக்குள் ஒரு வேலை பாக்கி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் மொபைல் சிக்னலும் இல்லை. அந்த நிலையில் தளமும் இல்லை, போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. அவசர நிறுத்தம், டீசல் ஜெனரேட்டர், மழைநீர்ப் பம்ப், டேங்க் சுவர் வடிகால் வால்வு தொடர்பான பச்சைப் பக்கங்களை மட்டும் அச்சிட்டு லேமினேட் செய்யுங்கள். ஒரு செட் கண்ட்ரோல் ரூமில், ஒரு செட் செக்யூரிட்டி கேட்டில், ஒரு செட் முதல் மாடியில். ஒவ்வொன்றின் மூலையிலும் அச்சிட்ட தேதியும் பக்க எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். எந்தெந்த இடத்தில் எத்தனை பிரதி தொங்குகிறது என்று அந்தப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பக்கம் மாறும் நாளில் பழைய அட்டைகளைக் கழற்றிவரப் போகிறவருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.